எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள்? பழைய காருக்கு மீட்புத் திட்டம் தேடிய கதை

நான் ஓட்டும் கார் 1980களின் பிற்பகுதியில் தயாரானது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரும், தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் காண்டாக்ட் பாயின்ட்டும் கொண்ட தலைமுறையின் கடைசி வண்டிகளில் ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவு, வீட்டிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், எஞ்சின் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுபோனது. என்னிடம் சாலையோர உதவித் திட்டம் இருந்தது. கார் காப்பீட்டோடு சேர்த்து வாங்கிய அந்தத் திட்டத்தின் ஆவணத்தை, வாங்கிய நாளுக்குப் பிறகு நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. அழைத்த 50 நிமிடங்களில் ஆள் வந்தார், பண்பாகவே பேசினார், பேட்டரியைச் சோதித்தார், பிறகு ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு அதைச் செருகும் இடத்தை டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் வெளிச்சத்தில் தேடத் தொடங்கினார். அப்படியோர் இடமே என் காரில் கிடையாது. ஓபிடி-2 என்ற அந்தச் சோதனை இணைப்பு அமெரிக்காவில் புதிய கார்களுக்குக் கட்டாயமானது 1996ஆம் மாடல் ஆண்டில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001இல். என் கார் இரண்டுக்கும் மூத்தது.

அவர் காரை ஏற்றி, திட்டத்தின் நிபந்தனைப்படி, மிக அருகிலிருந்த ஒரு கராஜில் இறக்கிவிட்டுப் போனார். அங்கே அது 11 நாட்கள் நின்றது. முதலில் எரிபொருள் பம்ப்பை மாற்றினார்கள். பிறகு இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். கடைசியில், என் வழக்கமான மெக்கானிக் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் கண்டென்சரை மாற்றியதும் கார் உயிர்பெற்றது. காண்டாக்ட் பாயின்ட் கருகாமல் காக்கும், கட்டைவிரல் அளவுள்ள பாகம் அது. கார் உதிரிபாகங்களிலேயே மிக மலிவானவற்றுள் ஒன்று. மாற்றத் தேவையில்லாத இரண்டு பாகங்களுக்கும் நான்தான் பணம் கொடுத்தேன். இதில் யாரையும் குறைசொல்ல முடியாது என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது, ஏனென்றால் நிறுவனம் தன் ஆவணத்தில் எழுதியிருந்ததை ஒரு வரி பிசகாமல் செய்திருந்தது.

அதன் பிறகுதான், இத்தகைய திட்டங்களின் முழு நிபந்தனைகளையும் வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தேன். புதிய காரின் சாலையோரத் தொல்லைகளில் பெரும்பாலானவை இறங்கிப்போன பேட்டரி, பஞ்சரான டயர், உள்ளே பூட்டிக்கொண்ட சாவி போன்றவையாக இருப்பதால், வருகிறவர் அந்த இடத்திலேயே அவற்றைச் சரிசெய்துவிடுவார். பழைய காரின் கோளாறு அப்படி எல்லோருக்கும் பிடிபடுவதில்லை. அதை அறிந்தவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள், அவர்கள் கார் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். ஆகவே, பழைய கார் வைத்திருப்பவர் உண்மையில் பணம் கொடுத்து வாங்குவது சாலையோர மெக்கானிக்கை அல்ல, காரை அதை அறிந்தவரிடம் கொண்டுசேர்க்கும் லாரியைத்தான் என்பது என் கருத்து. இன்று எந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும், விலையைப் பார்ப்பதற்கு முன்பு, காரை எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள் என்ற ஒரே கேள்விக்கான பதிலைத்தான் முதலில் தேடுகிறேன்.

இந்தக் கேள்விக்கு ஆவணங்களில் மூன்று வகைப் பதில்கள் உண்டு. அருகிலுள்ள தகுந்த பழுதுபார்ப்பு நிலையம் என்பது முதல் வகை. இத்தனை கிலோமீட்டர் வரை என்பது இரண்டாவது. உரிமையாளர் சொல்லும் இடம் அல்லது வீடு என்பது மூன்றாவது. முதல் வகையில் ‘தகுந்த’ என்ற சொல்லை யார் தீர்மானிப்பது என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் அந்த உரிமை நிறுவனத்திடமே இருக்கும். இரண்டாவது வகையில் தூரத்தை எங்கிருந்து கணக்கிடுகிறார்கள் என்பது முக்கியம். கார் நின்ற இடத்திலிருந்து இறக்கும் இடம் வரை மட்டும் எண்ணும் திட்டமும் உண்டு. லாரி தன் நிலையத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அங்கே திரும்பும் வரை எண்ணும் திட்டமும் உண்டு. பின்னதில் 100 கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்தால், நம் கார் உண்மையில் பயணம் செய்யப்போவது அதில் பாதிகூட இருக்காது. மூன்றாவது வகையே என் விருப்பம் என்றாலும் அதிலும் ஒரு கிளைக்கேள்வி இருக்கிறது. நள்ளிரவில் கார் நின்று, நம் மெக்கானிக்கின் கராஜ் பூட்டியிருந்தால், காரை இரவு எங்கேயாவது வைத்துவிட்டு மறுநாள் மீண்டும் ஏற்றிச் செல்ல வேண்டும். அந்த இரண்டாவது பயணம் அதே அழைப்பின் தொடர்ச்சியா, புதிய அழைப்பா, இடையில் காரை நிறுத்திவைத்த வாடகை யாருடையது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கூடவே, லாரியின் கேபினில் ஓட்டுநரைத் தவிர இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்றால், காரில் வந்த மற்றவர்கள் எப்படி ஊர் திரும்புவார்கள் என்பதையும்.

நான் படித்தவற்றுள் என்னை மிகவும் திடுக்கிட வைத்தது சந்தை மதிப்பு பற்றிய ஷரத்து. நீண்ட தூரத்துக்கு, குறிப்பாக நாட்டின் எல்லையைக் கடந்து காரைத் திருப்பிக் கொண்டுவரும் வசதி உள்ள சில திட்டங்களில், காரைக் கொண்டுவரும் செலவு அதன் சந்தை மதிப்பைத் தாண்டினால் நிறுவனம் கொண்டுவரத் தேவையில்லை என்று எழுதியிருப்பார்கள். புதிய காருக்கு இது வெறும் சடங்கு வாசகம். பழைய காருக்கோ இதுவே கழுத்தைப் பிடிக்கும் வாசகம், ஏனென்றால் விலைப்பட்டியலில் அதன் மதிப்பு பெரும்பாலும் மிகச் சொற்பமாகவே இருக்கும். நாம் பல ஆண்டுகள் செலவுசெய்து தேற்றிய கார் அந்தக் கணக்கில் இரும்பு விலைக்குத்தான் வரும். காப்பீட்டில் ஒப்புக்கொண்ட மதிப்பு என்று முன்கூட்டியே ஒரு தொகையைக் குறித்து வைத்திருந்தால், அதே தொகையை மீட்புத் திட்டமும் ஏற்குமா என்று எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டும் ஒரே உறைக்குள் வந்தாலும், மீட்புச் சேவையைப் பெரும்பாலும் வேறொரு நிறுவனம்தான் நடத்துகிறது.

வயது வரம்பு எல்லோரும் அறிந்த தடை. இத்தனை ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்பதில்லை என்று சில திட்டங்கள் நேரடியாகச் சொல்லிவிடும். வேறு சில, ஏற்றுக்கொண்டு, குறிப்பிட்ட வயதைக் கடந்ததும் சாலையோரப் பழுதுபார்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு நீண்ட தூர மீட்பை விலக்கிவிடும். நமக்கு வேண்டியதே அந்தப் பகுதிதான். தொன்மையான கார்களுக்கென்றே தனித் திட்டங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. தொன்மை வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டுகள் ஆன, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தப்படாத வண்டியையே வரலாற்று வாகனம் என்று வரையறுக்கிறது. திட்டங்கள் அப்படியே இந்த வரையறையைப் பின்பற்றுவதில்லை என்றாலும், அன்றாடம் வேலைக்கு ஓட்டிச் செல்லக் கூடாது, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்ற மனப்பான்மை அவற்றிலும் தெரிகிறது. இதனால் உண்மையில் அனாதையாக நிற்பது 15 வயதிலிருந்து 25 வயது வரையுள்ள கார்தான்: புதியது என்று சொல்ல முடியாது, தொன்மையானது என்று கொண்டாடவும் ஆளில்லை. அந்த வயதுக் காரை அன்றாடம் ஓட்டுகிறவர், திட்டம் காருக்கானதா ஆளுக்கானதா என்று பார்க்க வேண்டும். ஆளுக்கான திட்டத்தில் அவர் எந்தக் காரில் போனாலும் உதவி கிடைக்கும் என்பார்கள், ஆனால் அங்கேயும் காரின் வயது, எடை, நீளம் ஆகியவற்றுக்கு வரம்பு ஒளிந்திருக்கலாம்.

பிரேக்டவுன் என்பதற்கு ஆவணம் தரும் விளக்கமும் பழைய காரைப் பொறுத்தவரை எளிய விஷயமல்ல. கார் நகர முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். பழைய கார் பல நேரங்களில் நகரும். ஆனால் நகர்த்தக் கூடாது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போது நிறுத்தாமல் ஓட்டினால், எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போய்விடும், அதோடு சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிடலாம். மழையில் வைப்பர் நின்றுபோவதும், இரவில் டைனமோ சார்ஜ் செய்யாமல் விளக்குகள் மங்கிக்கொண்டே வருவதும் இதே வகை. ஓட்டுவது பாதுகாப்பானதல்ல என்பதையும் பிரேக்டவுனாக ஏற்கும் திட்டமாக இருந்தால்தான், நாம் பொறுப்போடு ஓரம்கட்டியதற்குத் தண்டனை கிடைக்காது.

வீட்டுவாசலில் கிடைக்கும் உதவியைச் சிலர் வீண் செலவு என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாரக்கணக்கில் நின்ற கார் கிளம்ப மறுப்பது பெரும்பாலும் வீட்டில்தான்: பேட்டரி இறங்கியிருக்கும், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும், கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் நின்றால் உதவி இல்லை என்ற நிபந்தனை அடிப்படைத் திட்டங்களில் அடிக்கடி வருகிறது. இதோடு ஆண்டுக்கு எத்தனை அழைப்புகள் என்ற வரம்பையும், அதே கோளாறுக்காகக் குறிப்பிட்ட நாட்களுக்குள் மீண்டும் அழைத்தால் மறுக்கலாம் என்ற வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாலையோரத்தில் போட்ட தற்காலிக ஒட்டு வேலையோடு ஓட்டிக்கொண்டே இருப்பவர்களைக் குறிவைத்து எழுதிய வரி அது. எழுதியவர்களை நான் நொந்துகொள்ள மாட்டேன், நானும் அப்படி ஓட்டியவன்தான். திட்டத்தை வாங்கிய உடனே அழைக்க முடியாது என்ற காத்திருப்புக் காலமும், வாங்கும்போதே இருந்த கோளாறுக்கு உதவி இல்லை என்ற விலக்கும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கின்றன.

அடுத்து, எந்த வண்டியில் ஏற்றுவார்கள் என்பது. 1916இல் அமெரிக்காவின் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற கராஜ்காரர், நண்பரின் கார் ஓடையில் விழுந்து அதை வெளியே இழுக்கப் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒரு காரின் மேல் தூக்கும் கருவியைப் பொருத்தியதிலிருந்து இழுவை வண்டியின் வரலாறு தொடங்குகிறது. ஒரு முனையைத் தூக்கி, மறுமுனையின் சக்கரங்களைத் தரையில் உருளவிடும் அந்த முறை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது, பழைய காருக்கு அதில்தான் ஆபத்து. குரோம் பம்பர் நசுங்குவது கண்ணுக்குத் தெரிகிற சேதம். தெரியாத சேதம் ஆட்டோமேடிக் கியர் உள்ள கார்களில் நடக்கும்: கியர்பெட்டிக்குள் எண்ணெயைச் சுழற்றும் பம்ப்பை எஞ்சின்தான் இயக்குகிறது என்பதால், எஞ்சின் அணைந்திருக்கும்போது இயக்கும் சக்கரங்கள் நெடுந்தூரம் உருண்டால் உள்ளே எண்ணெய் இல்லாமல் தேய்ந்து வீணாகும். ஆகவே நான் அழைக்கும்போதே நான்கு சக்கரங்களும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் லாரி வேண்டும் என்று சொல்லி, அதைப் பதிவுசெய்துகொண்டார்களா என்றும் கேட்டுவிடுகிறேன். கட்டும் பட்டைகளைச் சக்கரங்களைச் சுற்றிப் போடச் சொல்வதும், ஏற்றுவதற்கு முன்பு நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. வருகிறவர் பெரும்பாலும் துணை ஒப்பந்ததாரர் என்பதால், போக்குவரத்தின்போது ஏற்படும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று ஆவணம் சொல்லியிருக்க வேண்டும்.

மின்சார அமைப்பையும் அழைக்கும்போதே சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 1960களுக்கு முந்தைய கார்களில் பல 6 வோல்ட் அமைப்பு கொண்டவை. பழைய பிரிட்டிஷ் கார்களில், பேட்டரியின் எதிர்முனைக்குப் பதிலாக நேர்முனையை உடற்பகுதியோடு இணைத்தவை ஏராளம். இன்றைய வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு ஜம்ப் கேபிளை மாட்டினால் தீப்பொறி மட்டும் பறக்காது, வயரிங்கும் கருகும்.

இரண்டு மாதங்கள் ஆராய்ந்த பிறகு நான் தேர்ந்தெடுத்தது, விலையில் நடுத்தரமான, காரின் வயதுக்கு வரம்பு வைக்காத, நான் சொல்லும் இடத்தில் காரை இறக்கும் ஒரு திட்டம். பணத்தை நாம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கோரும் வகைத் திட்டங்கள் இதைவிட மலிவாக இருந்தன, ஆனால் இரவு நேரத்தில் சாலையோரத்தில் நின்றுகொண்டு லாரிக்காரரிடம் பேரம் பேசும் திறமை எனக்கில்லை. இதில் உதிரிபாகங்களின் விலை அடங்காது, ஆண்டுக்கு ஐந்து அழைப்புகள்தான். கடந்த மூன்று ஆண்டுகளில் நான் எத்தனை முறை நின்றேன் என்று நேர்மையாக எண்ணிப் பார்த்ததில் அது போதுமென்று தெரிந்தது. உதிரிபாகம் வருகிறவரிடம் இருக்காது என்பதால், ஃபேன் பெல்ட், ரோட்டார், பாயின்ட் செட், ரேடியேட்டர் குழாய் ஆகியவற்றைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். கண்டென்சர் மட்டும் இரண்டு.