மிக்ஸி சத்தம் தாங்காத டி.ஜே.

பிரான்சின் மேற்கு மூலையில் ரென் என்று ஓர் ஊர். வேலை நிமித்தம் அங்கே குடிபோய் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணிக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சுவரில் டொக் டொக் டொக் என்று மூன்று தட்டு. மிக்ஸியை நிறுத்தினேன், தட்டலும் நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி மூன்று தட்டு. சட்னி அன்றைக்கு நறநறவென்றுதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆளே நேரில் வந்துவிட்டான். இருபத்தைந்து வயதுப் பையன், கண் இரண்டும் மிளகாய்ப்பழம். "முசியூ, ஞாயிறு காலையில் மட்டும் அந்த மெஷின் வேண்டாமே. நான் படுப்பதே எட்டு மணிக்கு" என்றான். பாவம், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி போல என்று என் மனைவி உருகிப்போய் ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தாள். அப்புறம்தான் தெரிந்தது. பையன் வாரநாளில் எலக்ட்ரீஷியன், சனிக்கிழமை இரவானால் டெக்னோ என்கிற மின்னணு ஆட்ட இசை போடும் டி.ஜே. வயல்வெளியில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கிவைத்து விடிய விடிய அலறவிடுகிறவன், என் அரை லிட்டர் ஜாருக்குப் பயந்து தலையணைக்குள் முகம் புதைத்துக் கிடந்திருக்கிறான்.

சாம்பார் போனால் உறவு வரும். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கதை சொன்னான். அவன் வாசிக்கிற வயல்வெளி ஆட்டத்துக்கு 'ஃப்ரீ பார்ட்டி' என்று பெயர். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, போஸ்டர் கிடையாது. 'ஃப்ரீ' என்பது இலவசமா சுதந்திரமா என்று கேட்டேன். "இரண்டும்தான், ஆனால் டீசல் இலவசம் இல்லை" என்றான். பிரெஞ்சில் விழாவுக்கு 'ஃபெத்' என்று பெயர். அதைத் திருப்பிப் போட்டு இவர்கள் 'தெஃப்' என்கிறார்கள்.

எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்த சரக்காம். 1992 மே மாதக் கடைசியில் கேசில்மார்ட்டன் என்ற மேய்ச்சல் நிலத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் கூடி ஒரு வாரம் ஆடியிருக்கிறார்கள். ஸ்பைரல் டிரைப் என்ற குழுவைச் சேர்ந்த 13 பேர்மேல் வழக்குப் போட்டு, பல லட்சம் பவுண்டு செலவழித்து, 1994இல் அத்தனை பேரையும் விடுதலை செய்ய வேண்டியதாகிவிட்டது. அந்தக் கோபமோ என்னவோ, இப்படிக் கூடி ஆடுவதைத் தடுக்க அதே ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 'திரும்பத் திரும்ப ஒரே தாளம் அடுத்தடுத்து வரும் சத்தம்' என்று இசைக்கே விளக்கம் எழுதினார்கள். எங்கள் ஊர் உறுமிக்காரர் அன்று இங்கிலாந்தில் இருந்திருந்தால் நேராக உள்ளேதான்.

ஸ்பைரல் டிரைப் ஆட்கள் அதற்கு முன்பே லாரியை எடுத்துக்கொண்டு கடலைத் தாண்டிவிட்டார்கள். 1993இல் பாரிசுக்கு வடக்கே போவே என்ற ஊர்ப் பக்கத்தில் முதல் 'டெக்னிவல்', அதாவது டெக்னோ திருவிழா, நடந்தது. பிரான்ஸ் மட்டும் சும்மா இருக்குமா? 500 பேருக்கு மேல் கூடுவதென்றால் முன்கூட்டியே அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், மீறினால் பெட்டிகளைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். "அப்படியானால் நீங்கள் எத்தனை பேர்?" என்றேன். "எப்போதுமே 499" என்றான் தம்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

என் சித்தப்பா உசிலம்பட்டிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். புளியமரத்தில் குழாய் கட்டுவதும், ஆம்ப்ளிஃபையருக்கு விசிறி வைப்பதும் நான் பார்த்து வளர்ந்தது. இதைச் சொன்னதும் தம்பியின் கண் பளபளத்தது. போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பர் எழுதித் தந்தான். "சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள்."

கூப்பிட்டேன். மனிதர் யாரும் எடுக்கவில்லை, பதிவு செய்த குரல்தான் பேசியது. முகவரி கிடையாது. இந்தச் சாலை, இந்த ரவுண்டானா, தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து... இங்கேதான் கோளாறு. பிரெஞ்சில் 'அ துருவாத்' என்றால் வலது பக்கம். 'து துருவா' என்றால் நேரே. இந்த மொழியை உண்டாக்கியவர்கள் யாருக்கும் வழி சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் என்பது என் கருத்து. 'நேரே' என்றாள் மனைவி, அவள் ஆறு மாதமாக வகுப்புக்குப் போகிறவள். 'வலது' என்றேன் நான், வண்டி ஓட்டுகிறவன்.

வலது பக்கம் திரும்பினோம். சாலை ஒடுங்கி, சேறாகி, கடைசியில் ஒரு மாட்டுத் தொழுவத்தின் முன்னால் போய் நின்றது. ஹெட்லைட் வெளிச்சத்தில் நாற்பது மாடுகள் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தன. நாய் குரைத்தது. பைஜாமாவும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு பெரியவர் டார்ச்சோடு வந்தார். நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே அவர் சாலைப் பக்கம் கையைக் காட்டி, "மியூசிக்? து துருவா" என்றார். நான்காவது காராம் நாங்கள். மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பெரிய சாலையில் போலீஸ்காரர்கள் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். ஊதினேன், ரசம்கூடக் காட்டவில்லை. "எங்கே போகிறீர்கள்?" என்றார் ஒருவர். "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்க்க" என்றேன். மஃப்ளர் கட்டிய என்னையும் மடியில் டிபன் கேரியர் வைத்திருந்த மனைவியையும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வயலுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பெண் பக்கெட்டோடு நின்றாள். உங்களால் முடிந்ததைப் போடுங்கள் என்றாள். ஐந்து யூரோ போட்டேன். "பேர் எழுதிக்க மாட்டாங்களா?" என்று மொய் நோட்டைத் தேடினாள் மனைவி.

சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை, கால் வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. பெட்டிகளைச் சுவர் போல அடுக்கியிருந்தார்கள், எண்ணினேன், இருபது. எல்லாம் அவர்களே பிளைவுட் அறுத்துச் செய்தது. கூட்டம் பெட்டிக்கு மூக்கைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஊரில் பாக்ஸுக்கு முன்னால் நின்றால் சித்தப்பா பிரம்பை எடுப்பார். மேடையைத் தேடினேன், இல்லை. தம்பி பெட்டிகளுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்ட வேனுக்குள் குனிந்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

நிமிடத்துக்கு நூற்றெழுபது அடிக்கு மேல் ஓடுகிற தாளம். பத்து நிமிடம் தலைவலி. இருபதாவது நிமிடம், பரவாயில்லை. அரை மணியில் பக்கத்தில் ஒருவன் கண் செருகி ஆடினான். எனக்கு அவனிடம் குறி கேட்கலாம் போலிருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், மனைவியைக் காணோம். முன் வரிசையில் ஆடிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய கைப்பை, சால்வை, டிபன் கேரியர் மூன்றும் என் கையில்.

மூன்று மணிக்குத் திடீரென்று எல்லாம் நின்றது. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துவிட்டது. கூட்டம் விசில் அடித்தது, அப்படியே நம்மூர் டூரிங் டாக்கீஸ். கேனோடு ஓடிவந்த தம்பி, "பிடியுங்கள்" என்று டார்ச்சை என்னிடம் திணித்தான். நானும் பிடித்தேன். டெக்னோ வரலாற்றில் என் பங்கு அந்த நான்கு நிமிடம். கொஞ்சம் ஆடாமல் பிடித்திருக்கலாம் என்று பிற்பாடு மனைவி சொன்னாள்.

ஓரத்தில் ஒரு மேஜையில் தன்னார்வலர்கள் தண்ணீரும் காதில் வைக்கும் பஞ்சடைப்பானும் வைத்திருந்தார்கள். இலவசம் என்று எழுதியிருந்தது. இரண்டு கையாலும் அள்ளி மஃப்ளரில் முடிந்துகொண்டேன்.

விடிந்து வீடு சேர்ந்து, குளித்து, கொஞ்சம் தூங்கி எழுந்தபோது மணி பதினொன்று. கோரப்பசி. தோசை மாவு இருந்தது. தேங்காயைத் துருவி ஜாரில் போட்டு, ஒரே ஒரு சுற்றுதானே என்று பட்டனைத் திருகினேன்.

டொக் டொக் டொக்.

மஃப்ளரை அவிழ்த்து ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.