நாலாவது காரணம்

எங்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்ட கிழமைதான் எங்கள் வரலாற்று சேர் காலமான செய்தியும் வந்தது. எனக்கு உடனே ஞாபகம் வந்ததோ ஒரு பழைய ஆங்கில ரீவித் தொடர், ‘த பிரிசனர்’. 1967இல் தொடங்கியது, மொத்தம் 17 பகுதிகள். வேலையை விட்டு விலகிய உளவாளியை (நடித்தவர் பட்ரிக் மக்கூகன்) ஓர் அழகான ஊரில் அடைத்துவைத்து, ‘ஏன் விலகினாய்?’ என்று அரித்துக்கொண்டே இருப்பார்கள்.

அதில் ‘த ஜெனரல்’ என்றொரு பகுதி. அந்தப் பெயர் கொண்ட ஒரு கணினியை வைத்து, மூன்று வருடப் படிப்பை மூன்று நிமிடத்தில் ரீவி வழியாக மண்டைக்குள் ஏற்றுகிறார்கள். பாடம், நெப்போலியனுக்குப் பிந்திய ஐரோப்பா. ஏட்ரியானோப்பிள் உடன்படிக்கையா? 1829 செப்டெம்பர். ஊர் முழுக்க ஒரே விடை, எழுத்துப் பிசகாமல்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்று நிமிடத்தை விட்டால், அது எங்கள் பத்தாம் வகுப்பேதான். கொப்பியில் சிவப்புக் கோடு, கீழே ‘காரணங்கள் நான்கு’. எதற்கும் நான்குதான். 1833இல் ஆங்கில அதிகாரி கோல்புறூக்கின் சீர்திருத்தத்தோடு இலங்கைத் தீவு ஐந்து மாகாணமானது என்று சேர் சொல்லிக்கொண்டு போக, “ஏன் சேர் ஐஞ்சு?” என்று கேட்டேன். குறும்புக்கில்லை, அறியத்தான்.

“கோல்புறூக் வந்து சொல்லுவார். அதுவரைக்கும் ஏறடா வாங்கில.”

மணி அடிக்கும்வரை நின்றேன். விறாந்தையால் போன சின்ன வகுப்புப் பெடியள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்புறம் மாதக்கணக்கில் என் பெயர் கோல்புறூக்.

தொடரில் மக்கூகன் அந்தக் கணினியிடம் ஒரேயொரு கேள்வி போடுகிறார்: ஏன்? அது புகைந்து வெடிக்கிறது. சேர் வெடிக்கவில்லை, அடுத்த நோட்ஸைச் சொல்லத் தொடங்கினார். நியாயமாகச் சொன்னால், ஓ.எல். சோதனையில் எனக்கு ‘டி’ என்ற விசேட சித்தி வாங்கித் தந்தவை அந்த நான்கு காரணங்கள்தான். குப்பி விளக்கில் படித்த காலம், ஏன் எதற்கென்று ஆராய எண்ணெயும் காணாது.

லண்டனுக்கு வெளிக்கிட முதல் நாள் சேரிடம் சொல்லிக்கொண்டு வரப் போனேன். முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றவர் நிமிர்ந்து, “ஏன் போறாய்?” என்றார். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வருமென்று நான் நினைத்ததேயில்லை. நாட்டு நிலைமை, படிப்பு, மாமா கூப்பிட்டது என்று அடுக்கினேன். மூன்றோடு நின்றுவிட்டது.

“நாலாவது எங்கையடா?”

பகிடிக்குக் கேட்டாரோ, உண்மையாகத்தான் கேட்டாரோ. லண்டன் வந்து கடிதம் போட்டேன். அந்த நாள் தபால் சீருக்கு அது கிடைத்ததோ தெரியாது. அதிலும் மூன்றுதான் எழுதியிருந்தேன்.