பழனி பாதயாத்திரை: கூட நடந்தவங்க ரூபத்துலயும் அவன்தான் வந்தான்

தம்பிக்கு உடம்பு தேறணும், தேறிட்டா தைப்பூசத்துக்கு காரைக்குடியிலேர்ந்து நடந்தே வர்றேன்னு அம்மா பழனியாண்டிகிட்ட நேர்ந்துக்கிட்டாங்க. முருகன் புண்ணியத்துல அவன் எந்திரிச்சு வேலைக்கே போயிட்டான், ஆனா அம்மாவுக்கு முட்டி வலி, நாலு படி ஏறவே முடியல. சரி அம்மா வேண்டுதலை நான் நடந்து முடிக்கிறேன்னு மாலை போட்டு, விரதம் இருந்து, எங்க ஏரியா பாதயாத்திரை குழுவுல பேர் குடுத்தேன். அதுல எனக்குத் தெரிஞ்ச முகம் ரெண்டோ மூணோதான்.

குன்றக்குடி சண்முகநாதனைக் கும்பிட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம்னு சுமார் 160 கிலோமீட்டர். நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையா போற பாதை இது. வழி நெடுக ஊர்க்காரங்க மோர், பானகம், சுடுதண்ணி, பொங்கல்னு கூப்பிட்டு கூப்பிட்டு குடுக்கறாங்க, ஒரு வீட்டுல சின்னப் புள்ளைங்க நம்ம கால்ல தண்ணி ஊத்துதுங்க. அந்தப் புண்ணியவான்கள் குடுத்த தட்டையும் கப்பையும் ரோட்டோரமே போட்டுட்டுப் போறவங்களைப் பாத்தாதான் வயிறு எரியுது, வேட்டி கட்டி மாலை போட்டுட்டு இப்படியா பண்றது.

எங்க குருசாமி ஒரு சட்டம் வச்சிருந்தார், யாரு ரொம்ப மெதுவா நடக்கறாங்களோ அவங்க கையிலதான் வேல், அவங்கதான் முன்னாடி போகணும், மத்தவங்க அவங்க வேகத்துக்குத்தான் நடக்கணும். சின்னப் பசங்களுக்கு இதுல கோவம், வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாமேன்னு முணுமுணுத்தாங்க, ஒரு நாள் வாக்குவாதமே ஆயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி தங்கின எடத்துல குருசாமி யாரையும் திட்டல, திருவாரூர்க் கதையைச் சொன்னார். தேவாசிரிய மண்டபத்துல அடியார் கூட்டம் உக்காந்திருக்கு, தேவாரம் பாடின சுந்தரர் அவங்களைக் கும்பிடாம நேரா உள்ள சிவன் தியாகராஜரைப் பாக்கப் போறாரு, விறன்மிண்ட நாயனார் சும்மா விடல, அவரும் புறம்பு, அவரை ஆண்ட சிவனும் புறம்பு, ரெண்டு பேருமே அடியாருக்கு வேத்தாளுன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம்தான் சுந்தரர் ஒவ்வொரு அடியாரா பேர் சொல்லி எல்லாருக்கும் நான் அடியேன்னு திருத்தொண்டத்தொகை பாடினாரு. "கூட வர்றவனை விட்டுட்டு ஓடிப்போயி யாரைப் பாக்கப் போற சாமி"ன்னு குருசாமி கேட்டாரு, யாரும் பேசல. மறுநாள் அந்தப் பசங்களேதான் நடக்க முடியாதவங்க பையெல்லாம் வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டாங்க.

சாணார்பட்டி தாண்டுறப்ப எனக்குக் குதிங்கால் ரெண்டுலயும் கொப்புளம், கீழ ஊனவே முடியல, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எங்க குழுவுல ஒரு ஆச்சி, எழுபது வயசு இருக்கும், அப்படியே ரோட்டோரம் உக்காந்து என் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு, ஐயோ ஆச்சி நீங்க போயி என் காலைத் தொடறதான்னு இழுத்தேன். "பேசாம காட்டு ஆத்தா, முருகனைப் பாக்கப் போற காலு, தொட்டா எனக்குத்தானே புண்ணியம்"னு சொல்லிட்டு ஊசியில நூல் கோத்து கொப்புளத்துல விட்டு தண்ணியை வடிச்சு எண்ணெய் தடவி விட்டாங்க. இதை எழுதறப்பவும் எனக்குத் தொண்டை அடைக்குது.

இன்னொருத்தரைப் பத்தி சொல்லியே ஆகணும். கூட்டத்துக்கு எப்பவும் கடைசியா ஒரு அண்ணன் டார்ச் அடிச்சுக்கிட்டு வருவார், அதிகமா பேச மாட்டார், பின்னாடி லாரி வந்தா விசில் அடிப்பார், யாராவது உக்காந்துட்டா அவங்க எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துல நிப்பார். ஒட்டன்சத்திரம் தாண்டி இருட்டுல நடக்கறப்ப நான்தான் கேட்டேன், நீங்க எதுக்கு வேண்டிக்கிட்டு வர்றீங்கண்ணேன்னு. மகன் தவறிட்டான்மா, இப்ப எனக்குன்னு கேக்க ஒண்ணுமில்ல, இவங்க எல்லாரும் கேக்கறது கெடைக்கட்டும்னு நடக்கறேன்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அரோகரான்னு மட்டும் சொன்னேன், அவரும் அரோகரான்னாரு, அப்புறம் ஆயக்குடி தாண்டி மலை வெளக்கு தெரியற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல.

பழனி அடிவாரத்துல கூட்டத்தைக் கேக்கவே வேணாம். சண்முகநதியில குளிச்சு திருஆவினன்குடி கோயில்ல கும்பிட்டு வர்றதுக்குள்ள எத்தனை பேர் மறிக்கறாங்க, "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன், காசு குடுங்க"ன்னு ஒருத்தன் ஆச்சி கையவே புடிச்சு இழுக்கறான், எங்க பசங்கதான் அரண் மாதிரி சுத்தி நின்னு படியேத்திக் கூட்டிட்டுப் போனாங்க. மேல மணிக்கணக்கா வரிசை, தள்ளு, மூச்சு விட முடியல.

ராஜ அலங்காரத்துல நின்னான்யா என் அப்பன்! தண்டு ஊன்றின ஆண்டி அன்னைக்கு கிரீடம் வச்சு ராஜாவா நிக்கறான். நகரு நகருன்னு தள்ற அந்த கொஞ்ச நேரத்துல என் வாய்ல மொதல்ல வந்தது ஆச்சியோட பேத்தி கல்யாணம், அப்புறம் அந்த அண்ணன் மனசுக்கு ஆறுதல், அப்புறம் வேல் புடிச்சு வந்த அக்காவோட குழந்தை வரம், கடைசியாத்தான் தம்பி பேரு. வெளிய வந்து பிரகாரத்துல உக்காந்தப்ப ஆச்சி சொல்றாங்க, "ஒன் தம்பிக்கு நல்லா இருக்கணும்னு சொல்லிட்டேன் ஆத்தா". பக்கத்துல இருந்த பையனும் நானும் சொன்னேன்க்கான்னான், இன்னொருத்தரும் சொன்னாரு. எங்க அம்மா ஒருத்தி நேர்ந்துக்கிட்டதை இத்தனை பேர் முருகன் முன்னாடி நின்னு கேட்டிருக்காங்க, அழுதேன், வேற என்ன பண்ணுவேன்.

வீட்டுக்கு வந்து பஞ்சாமிர்தத்தை அம்மா கையில குடுத்து எல்லாத்தையும் சொன்னேன். அம்மா ஒவ்வொருத்தர் பேரா கேட்டு வாங்கி, செவ்வாக்கிழமை விளக்கேத்துறப்ப அவங்களுக்கும் சேத்து வேண்டிக்கிறாங்க. தம்பி அடுத்த தைப்பூசத்துக்கு இப்பவே குருசாமிகிட்ட பேர் குடுத்துட்டான், அந்த அண்ணன் கூட கடைசியில டார்ச் புடிச்சுக்கிட்டு வரணுமாம். வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா, அவன் அடியார் அத்தனை பேருக்கும் அரோகரா!