ஃபீல்டு நோட்ஸ் எழுதாம சோசியாலஜி படிச்சு என்ன பண்றது?

சோசியாலஜிக்கும் (சமூகவியல்) ஆந்த்ரோபாலஜிக்கும் (மானிடவியல்) என்ன வித்தியாசம்னு முதல் வருஷத்துல எல்லாரும் கேப்பாங்க. ஐரோப்பா தன்னோட சமூகத்தையே புரிஞ்சுக்க உக்காந்தப்ப வந்தது சோசியாலஜி, அதே ஐரோப்பா தான் ஆண்ட தூர தேசத்து ஜனங்கள படிக்கக் கிளம்புனப்ப வளந்தது ஆந்த்ரோபாலஜின்னு க்ளாஸ்ல சொல்லுவாங்க. வரலாறு ஏறக்குறைய அப்படித்தான், அந்தக் காலனி வாடைய பத்தி இன்னிக்கும் பேசிக்கிட்டேதான் இருக்கோம், பேசியே ஆகணும். ஆனா இப்ப அந்தக் கோடு நல்லாவே அழிஞ்சுபோச்சு, ஆஸ்பத்திரியிலயும் பேங்க்லயும் லேப்லயும் ஆந்த்ரோபாலஜிஸ்ட் நோட்டும் கையுமா உக்காந்திருக்காங்க.

என்னைக் கேட்டா இந்தப் படிப்போட உயிர் அந்த நோட்லதான், அதாவது நேர்ல போய் பாத்தத அப்படியே எழுதி வைக்கிற ஃபீல்டு நோட்ஸ்லதான் இருக்கு. பரீட்சைக்காக மார்க்ஸ், வெபர், டுர்கைம்னு சோசியாலஜிக்கு அடித்தளம் போட்டவங்க பேரையும் டெஃபினிஷனையும் உருப்போட்டுட்டு, ஃபீல்டுவொர்க்க கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்னு தள்ளி வைக்கிறாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. முதல் மாசத்துலயே ஏதாவது ஒரு வெயிட்டிங் ரூம்ல ஒரு மணி நேரம் உக்கார வைக்கணும். "அவருக்குக் கோபம் வந்துச்சு"ன்னு எழுதுனா அது உங்க முடிவு. "ரெண்டு தடவ கடிகாரத்த பாத்தாரு, ஃபைல மடியிலேர்ந்து எடுத்து பக்கத்து சேர்ல வச்சாரு, கவுண்டர்ல பேரு கூப்பிட்டதும் எழுந்துட்டு, தன் பேரு இல்லன்னு தெரிஞ்சும் உக்காராம நின்னாரு"ன்னு எழுதுனா அதுதான் டேட்டா. யாரு தைரியமா கவுண்டருக்குப் போய் கேக்குறாங்க, யாரு கூப்பிடுற வரைக்கும் அசையாம இருக்காங்கன்னு பாத்தாலே அதிகாரம்னா என்னன்னு புரிய ஆரம்பிச்சிரும், வெபர அதுக்கப்புறம் படிச்சா வேற மாதிரி இறங்கும்.

மலினோவ்ஸ்கிங்கிற ஆந்த்ரோபாலஜிஸ்ட் 1915க்கும் 1918க்கும் நடுவுல ரெண்டு தடவையா, நியூ கினி பக்கத்துல இருக்கற ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல போய் தங்குனாரு. அங்க தீவுக்குத் தீவு ஜனங்க பரிமாறிக்கிற சிவப்பு சிப்பி மாலை ஒரு சுத்துல போகும், வெள்ளை சிப்பி வளையம் எதிர்ச் சுத்துல வரும், யாரும் ரொம்ப நாள் கையில வச்சுக்கக் கூடாது, இதுக்காக கடல் தாண்டி படகுல போறாங்க. கூலான்னு சொல்ற இந்த முறைய முழுசா பாக்கணும்னா பல பேர் சொல்றதையும் செய்யறதையும் சேத்து வச்சாத்தான் தெரியும், ஒருத்தர பேட்டி எடுத்து கிடைக்காது. அவரு செத்தப்புறம் 1967ல அவரோட சொந்த டைரி வெளிய வந்து, அந்த ஜனங்க மேல அவருக்கு இருந்த எரிச்சலும் சேந்து வெளிய வந்துச்சு. நோட்ஸ் எழுதுற ஆளையும் சேத்துப் படிக்கணும்னு அதுலேர்ந்துதான் எனக்குப் பட்டுச்சு.

அப்ப நம்பர் வேண்டாமான்னா, கண்டிப்பா வேணும். டுர்கைம் 1897ல தற்கொலை கணக்குகள வச்சு, தனி ஆளோட விஷயம்னு நினைக்கிறதுல கூட சமூகம் இருக்குன்னு காட்டுனது பெரிய வேலை. ஆனா ஒரு சாவ தற்கொலையா விபத்தா, ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு யாரோ ஒரு அதிகாரி ஒரு ரூம்ல உக்காந்து முடிவு பண்றாரு, குடும்பம் என்ன சொல்லுதோ, எத மறைக்குதோ அதெல்லாம் அந்த முடிவுல கலந்திருக்கு. அந்த ரூமுக்குள்ள போய் பாக்கத்தான் ஆந்த்ரோபாலஜி. ரெண்டையும் சேத்துப் படிங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

இந்திய சோசியாலஜிஸ்ட் எம்.என். ஸ்ரீனிவாஸ் கதைய சிலர் கேட்டிருப்பீங்க. 1948ல ஒரு கிராமத்துல தங்கி எழுதி, வருஷக்கணக்கா ஒழுங்குபண்ணி வச்சிருந்த நோட்ஸ், 1970ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல யாரோ வச்ச தீயில மூணு காப்பியும் போச்சு. பெரும்பாலும் ஞாபகத்துலேர்ந்தே எழுதி 1976ல புத்தகம் கொண்டுவந்தாரு. ஞாபகத்துல அவ்வளவு நின்னுச்சுன்னா அவரு எப்படிப் பாத்திருப்பாரு, எத்தன தடவ திரும்பத் திரும்ப எழுதிப் பாத்திருப்பாருன்னு யோசிங்க.

இன்னொண்ணு, இத க்ளாஸ்ல அவசரமா தாண்டிப் போயிடுறாங்க. நம்மள நம்பி சொன்னவங்க பேரை மாத்தி எழுதிட்டா போதும்னு நினைக்காதீங்க. ஒரு சின்ன எடத்துல ஒரே ஒரு நர்ஸ்தான் இருக்காங்கன்னா என்ன பேரு வச்சாலும் படிக்கிறவங்களுக்கு ஆளு தெரிஞ்சிரும். அப்படி ஒரு பேட்டிய நான் தீசிஸ்ல சேக்கவே இல்ல. அந்த சாப்டர் மெலிஞ்சு போச்சுன்னு கைடு சொன்னாங்க, உண்மைதான், இருந்தாலும் திரும்ப எழுதுனாலும் அத விட்டுட்டுதான் எழுதுவேன்.