விரல் நுனியில் ஓர் எண்

கொரோனா பரவியிருந்த 2021ஆம் ஆண்டில் ஓர் இரவு, மணி இரண்டைத் தாண்டியிருந்த வேளையில், இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் ஆக்சிமீட்டரை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். 97 என்று காட்டியது. கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். பத்து நிமிடம்கூடப் பொறுக்க முடியாமல் மறுபடி எடுத்து மாட்டினேன். 96. இன்னொரு விரலில் 95. அதற்குள் நெஞ்சு படபடத்து, மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கத் தொடங்கியிருந்தது. நான்காவது முறை 91 என்று பார்த்ததும் கைகால் வெலவெலத்துப் போய்விட்டது. பக்கத்தில் படுத்திருந்த தங்கை எழுந்து, ஒன்றும் பேசாமல் என் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு, கருவியை மறுபடி மாட்டினாள். 98. விரல் சில்லிட்டிருந்ததால் அங்கே இரத்த ஓட்டம் குறைந்து, கருவி தவறான எண்ணைக் காட்டியிருக்கிறது. விரலைச் சில்லிட வைத்தது என் பயம்.

பெருந்தொற்றுக் காலத்து மனப்பதற்றம் எத்தகையது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த 91தான். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, விரல்களுக்கும் தோலுக்கும் போகும் இரத்தம் குறைகிறது, மூச்சு வேகமெடுக்கிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைவதால், தலை கிறுகிறுத்து, விரல் நுனிகள் மரத்து, காற்றே போதவில்லை என்ற உணர்வும் ஏற்படுகிறது. வேறு காலமாக இருந்திருந்தால் சற்று நேரத்தில் தணிந்திருக்கக்கூடிய அந்த உணர்வு, மூச்சுத்திணறலே நோயின் அடையாளமாக இருந்த நாட்களில், நோய் வந்துவிட்டது என்பதற்கான சாட்சியாக மாறிவிட்டது. அப்படிப்பட்டவரிடம் "தைரியமாக இரு" என்று சொல்லிப் பயனில்லை. அவர் கோழையல்லர், தன் உடம்பு சொல்வதை நம்பியவர்.

ஆக்சிமீட்டரை வாங்கி வைத்ததில் தவறேதும் இல்லை என்றும் சொல்லியாக வேண்டும். மூச்சுத்திணறல் தெரியாமலேயே ஆக்சிஜன் குறைந்துபோன நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் சிலரை அந்தச் சிறு கருவி உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு அனுப்பியது. நாளைக்குச் சில முறை பார்ப்பது எச்சரிக்கை. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை பார்த்தபோது நான் தேடியது எண்ணை அன்று, இனி ஒன்றும் ஆகாது என்ற உறுதியை. அந்த உறுதியை எந்தக் கருவியாலும் தர முடியாது. தர முடியாததால்தான் கை மறுபடி மறுபடி அதையே நாடியது. செய்தியும் அப்படித்தான். விழித்ததும் கைபேசியை எடுத்து, அன்றைய தொற்று எண்ணிக்கையையும் இறப்பு எண்ணிக்கையையும் பார்த்து, மாலையில் அது கூடியதா குறைந்ததா என்று மீண்டும் பார்த்தோம். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவிப்பதற்கு முன்பே, பொய்யும் மெய்யும் கலந்து பெருகும் தகவலும் ஒரு தொற்றாகப் பரவுகிறது என்று எச்சரித்திருந்தது.

அறிவுரைகள் மாறியதும் பலரைக் கலக்கியது. முகக்கவசத்தையே எடுத்துக்கொண்டால், ஆரோக்கியமாக இருப்பவர்கள் அனைவரும் அணிய வேண்டும் என்று தொடக்கத்தில் சொல்லாத அதே நிறுவனம், 2020 ஜூனில், தொற்று பரவியுள்ள இடங்களில் பொதுமக்கள் துணிக்கவசம் அணிவதை ஊக்குவிக்கும்படி அரசுகளைக் கேட்டுக்கொண்டது. புதிய நோயைப் பற்றிய அறிவு வளர வளர அறிவுரை மாறத்தான் செய்யும். ஆனால் "இன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு, நாளை இது மாறக்கூடும்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், மாறிய நாளில் மக்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்திருக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மருத்துவர்களின் பேச்சைக் கேட்ட நாட்களில்தான் நான் ஓரளவு தூங்கினேன்.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றநோயும் மனச்சோர்வும் உலகளவில் 25 விழுக்காடு கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. பெண்களும் இளைஞர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இன்னும் வருத்தம் தருவது, 2020இல் அந்த நிறுவனம் 130 நாடுகளில் நடத்திய ஆய்வில், 93 விழுக்காடு நாடுகளில் மனநலச் சேவைகள் ஏதோ ஒரு வகையில் தடைபட்டோ நின்றோ போயிருந்தன என்பது. தேவை பெருகிய நேரத்தில் கதவு சாத்தப்பட்டிருந்தது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, அன்றாட வேலையே செய்ய முடியாமல் போனால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நிலை என்பதை அறிந்தவர்களுக்கும் போக இடமில்லை.

எண்ணிக்கையில் சேராத துயரம் எங்கள் பெரியம்மாவுடையது. பெரியப்பா மருத்துவமனைக்குப் போன பத்தாம் நாள் காலமானார். உடன் இருக்க எவருக்கும் அனுமதியில்லை. இறுதிச் சடங்கைப் பெரியம்மா கைபேசித் திரையில் பார்த்தார். ஆறுதல் சொல்லக்கூட எவரும் வீட்டுக்குள் வர முடியாத நாட்கள் அவை. "கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று அன்று முதல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் ஆக்சிமீட்டரிடம் கேட்டதைப் போலவே, விடை கிடைக்காத கேள்வி அது. தொடக்கத்தில் நாங்கள், "அதையெல்லாம் நினைக்காதீர்கள்" என்று பேச்சை மாற்றினோம். "செவிலியர் யாராவது இருந்திருப்பார்கள்" என்று எங்களுக்குத் தெரியாததைச் சொல்லியும் பார்த்தோம். கேள்வி நிற்கவில்லை.

இப்போது, "தெரியவில்லை, பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, தங்கையும் நானும் அவர் அருகில் உட்கார்ந்துவிடுகிறோம். பெரியம்மா அந்த நாளை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார்: பெரியப்பா எந்தச் சட்டை போட்டிருந்தார், கண்ணாடியை எங்கே மறந்து வைத்தார், ஆம்புலன்சில் தானே ஏறினார் என்றெல்லாம். பலமுறை கேட்ட கதைதான். ஆனால் சென்ற மாதம், அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். வண்டியில் ஏறிய பிறகு பெரியப்பா திரும்பிப் பார்த்து, "கதவைத் தாழ் போட்டுக்கொள், வெளியே நிற்காதே" என்றாராம். வண்டி தெருமுனையைத் தாண்டும்வரை தான் தாழ் போடவில்லை என்றார் பெரியம்மா.