பாபநாசம்: வயலுக்குப் போகிற தண்ணீரில் மின்சாரம்

விக்கிரமசிங்கபுரம் தாண்டியதும் மலை பஸ்ஸுக்குக் கிட்டவே வந்துவிடுகிறது. பாபநாசநாதரைக் கும்பிட்டு, தாமிரபரணிப் படித்துறையில் காலை நனைத்துவிட்டு மேலே கிளம்பினேன். சோதனைச் சாவடியில் பையில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விட்டார்கள். கொஞ்ச தூரத்தில், மலைச்சரிவில் பெரிய பெரிய குழாய்கள் இறங்குகின்றன. அடியில் பவர் ஹவுஸ்.

இந்தத் தண்ணீரின் வேகத்தை முதலில் கண்டுகொண்டவர்கள் பிரிட்டிஷ் வணிகர்களான ஹார்வி சகோதரர்கள். அதை நம்பித்தான் 1880களிலேயே இங்கே பஞ்சாலை வைத்தார்கள். பைக்காரா 1932, மேட்டூர் 1937, அதற்கடுத்து 1944இல் பாபநாசம். அன்றைய சென்னை மாகாணத்தின் ஆரம்பகால நீர்மின் நிலையங்கள் இவைதான்.

காரையாறு மேலணையில் 143 அடி வரை தண்ணீர் தேங்கும். அது கீழணைக்கு வந்து, குழாய்களில் பாய்ந்து டர்பைன்களைச் சுழற்றுகிறது. நான்கு எந்திரமும் சேர்ந்து 32 மெகாவாட். பக்கத்துச் சேர்வலாற்றில் இன்னொரு 20. இதே மாவட்டத்துக் கூடங்குளத்தில் ஒரே உலை 1,000 மெகாவாட்! பிறகு இது எதற்கு என்று கேட்கலாம். அணு உலையை நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்க முடியாது. கயத்தாறு காற்றாலைகள் காற்றுக்குக் காத்திருக்கும். சூரிய ஒளி சாயங்காலம் போய்விடும். வீடுகளில் விளக்கு எரியத் தொடங்குவதோ அப்போதுதான். தண்ணீரோ மதகைத் திறந்த சில நிமிடங்களில் மின்சாரம் தந்துவிடும். நாட்டு மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் என்றாலும் நீர்மின்சாரம் இல்லாமல் சமாளிக்க முடியாதது இதனால்தான்.

ஆனால் தாமிரபரணியில் முதல் உரிமை நெல்லுக்கு. டீக்கடையில் பக்கத்தில் இருந்த கல்லிடைக்குறிச்சி விவசாயி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“கரண்டுக்குன்னா தண்ணி தொறக்காவ அண்ணாச்சி? கார் நெல்லுக்கும் பிசான நெல்லுக்கும் தொறக்கது. போற வழியில அது கரண்டாவுது. எங்களுக்கு ஒரு சொட்டு குறையாதுல்லா!”

உண்மைதான். டர்பைனைச் சுற்றிவிட்ட தண்ணீர் அப்படியே ஆற்றுக்கு வந்து, நதியுண்ணி, கன்னடியன் என்று ஸ்ரீவைகுண்டம் வரை அணைக்கட்டுகளில் பிரிந்து வயலுக்குப் போகிறது. எரிக்க நிலக்கரி வேண்டாம், கொட்டச் சாம்பலும் இல்லை. மழை பொய்த்து அணை இறங்கினால் மட்டும் வயலும் எந்திரமும் ஒன்றாகக் காயும். அதனால் பொதிகைக் காட்டைக் காப்பதையும் மின்வாரியத்தின் வேலையாகவே நான் பார்க்கிறேன். அந்தக் காடு பிடித்துவைத்துக் கசியவிடும் நீர்தானே கோடையிலும் ஆற்றை ஓடவைக்கிறது.