பூட்டை உடைக்காமல் கைப்பேசியை மாற்றுவது

கூகுள் 2025 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. யார் எழுதியது என்று உறுதி செய்யப்படாத செயலியை, பிளே ஸ்டோருடன் விற்கப்படும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இனிச் சாதாரணமாக நிறுவ முடியாது. 2026 செப்டம்பரில் இந்த விதி தொடங்கும் முதல் நான்கு நாடுகள் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. அதில் மூன்று மலேசியாவில் இருக்கும் நமக்கு அக்கம்பக்கம். மலேசியா முதல் பட்டியலில் இல்லை. 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் படிப்படியாக வரும் என்கிறார்கள்.

ஏபிகே என்ற செயலிக் கோப்பை வாட்ஸ்அப்பில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே எவ்வளவு சாதாரணம் என்பது தெரிந்ததுதான். வீடு சுத்தம் செய்ய ஆள் அனுப்புகிறோம், இந்தச் செயலியில் பதிவு செய்யுங்கள் என்று வலை விரித்து, குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியைக் கறந்து, வங்கிக் கணக்கைத் துடைத்த மோசடிகள் எல்லாம் இந்த வழியில்தான் நுழைந்தன. ஆகவே விதியின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. எஃப்-டிராய்டு போன்ற திறந்த மூலக் களஞ்சியங்களை நம்பியிருப்பவர்களுக்குத்தான் இடி. கணினியில் இணைத்து ஏடிபி கட்டளை மூலம் நிறுவுவதற்கு இந்தத் தடை இல்லை. எதிர்ப்பு வலுத்ததும், விவரம் தெரிந்தவர்களுக்கு எச்சரிக்கைகளோடு கூடிய தனிப் பாதை ஒன்று தருவதாகவும் 2025 நவம்பரில் சொன்னார்கள்.

அம்மா அப்பா கையில் சாம்சங் இருந்தால் 2027 வரை காத்திருக்க வேண்டாம். செட்டிங்ஸில் செக்யூரிட்டி அண்ட் பிரைவசி, அதற்குள் ஆட்டோ பிளாக்கர். அதை முடுக்கிவிட்டால் கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலிகள் ஏறாது. யுஎஸ்பி வழிக் கட்டளையும் நுழையாது, அதாவது ஏடிபியும் சேர்த்தே அடைபடும். சாம்சங்கின் இடைமுகமான ஒன் யூஐ 6.1.1-இலிருந்து புதிதாக அமைக்கும் கைப்பேசிகளில் இது தானாகவே இயங்கும். ஏதோ ஒரு செயலிக்காக யாரோ அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள், ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தமிழ் எழுத்தின் தலை ஏன் வெட்டுப்படுகிறது

தமிழில் கைப்பேசியை வைத்திருப்பவர்களின் பழைய புகார் இது. புள்ளி மேலே முட்டும், 'கூ', 'ரு' போன்றவற்றின் வால் கீழே காணாமல் போகும், வரிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். காரணம் எழுத்துருவின் அளவுகோல். ஆங்கில வரியின் உயரத்தை வைத்துச் செய்யப்பட்ட பெட்டிக்குள் தமிழை அடைப்பதற்காக, மேலும் கீழும் நசுக்கிய எழுத்துரு வடிவத்தையே ஆண்ட்ராய்டு நெடுங்காலம் இயல்பாகக் கொடுத்துவந்தது. நசுக்காத வடிவமும் உள்ளேயே இருந்தது. அதைச் செயலி எழுதுபவர் கேட்டு வாங்க வேண்டும், பெரும்பாலானோர் கேட்கவில்லை.

ஆண்ட்ராய்டு 15 இதைத் தலைகீழாக மாற்றியது. அந்தப் பதிப்பைக் குறிவைத்துக் கட்டப்படும் செயலிகளில் நசுக்காத வடிவம்தான் இயல்பு. தமிழோடு தாய், மலையாளம், தெலுங்கு, கன்னடம், அரபு போன்ற எழுத்துகளும் பயன் பெற்றன. 2025 ஜூன் 10-இல் வந்த ஆண்ட்ராய்டு 16 இன்னும் ஒரு படி போய், அந்தப் பதிப்புக்காகக் கட்டப்படும் செயலிகள் பழைய வடிவத்துக்குத் திரும்பும் வழியையே அடைத்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 31-இலிருந்து பிளே ஸ்டோருக்கு அனுப்பும் புதிய செயலியும் புதுப்பிப்பும் ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்தே ஆக வேண்டும் என்பதால், ஒவ்வொரு செயலியும் புதுப்பிக்கப்படும்போது தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுவிடும். ஆனால் உங்கள் கைப்பேசி 15-க்குக் கீழே இருந்தால் இது நடக்காது.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. வரி உயரம் கூடுகிறது, பெட்டியின் உயரத்தை நிலையாக அமைத்த செயலியில் கடைசி வரி பாதியோடு நிற்கிறது. அப்போது பலரும் எழுத்தளவைக் குறைக்கப் போவார்கள். அதற்கு முன் டிஸ்பிளே சைஸ் என்ற அமைப்பை ஒரு படி குறைத்துப் பாருங்கள். எழுத்தளவு எழுத்தை மட்டும் மாற்றும். டிஸ்பிளே சைஸ் பெட்டி, பொத்தான், இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கித் திரையில் இடம் பண்ணித் தரும். 'அறிவிப்புகளை நிர்வகி' மாதிரி நீண்ட பொத்தான் சொற்கள் மூன்று புள்ளியாக முடிவதும் இதில் பாதி சரியாகும்.

எழுத்துருக் கடையில் அழகாக ஒன்றைப் பார்த்து இறக்கினால் ஆங்கிலம் மட்டும் மாறி, தமிழ் அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கிய எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை, அதனால் கைப்பேசி தன் சொந்தத் தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. அதுவே பரவாயில்லை. தமிழ் இருக்கிறது என்று சொல்லி அரைகுறையாகச் செய்த எழுத்துருவில் 'கு', 'மூ', 'டி' ஆகியவற்றில் உடல் ஒரு பக்கம், குறி ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். உயிர்மெய்யை இணைக்கும் அட்டவணை அதற்குள் இல்லை என்று பொருள். எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது, அகற்றுவதுதான் வழி.

தமிழ் (இந்தியா) அல்ல, தமிழ் (மலேசியா)

மொழி சேர்க்கும்போது பட்டியலில் 'தமிழ்' என்பதைத் தொட்டதும் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று கேட்கும். முதலில் தெரிவதைத் தொட்டுவிடாதீர்கள். இந்தியாவைத் தேர்ந்தால் பன்னிரண்டரை லட்சம் 12,50,000 என்று காற்புள்ளி இடும். மலேசியா என்றால் 1,250,000. வீட்டு விலையையோ இபிஎஃப் சேமநிதித் தொகையையோ பார்க்கும்போது இந்தக் காற்புள்ளி கண்ணைக் குழப்பும். வாரத்தின் முதல் நாளும் மாறும்: மலேசியாவுக்குத் திங்கள், இந்தியாவுக்கு ஞாயிறு. ஆண்ட்ராய்டு 14-இலிருந்து லாங்குவேஜஸ் பக்கத்திலேயே ரீஜனல் பிரிஃபரன்சஸ் என்று ஒன்று வந்துவிட்டது. வாரத் தொடக்கத்தையும் வெப்பநிலை அலகையும் அங்கே தனியாக மாற்றலாம்.

இன்னொன்று, பட்டியலின் வரிசை. தமிழ் இல்லாத செயலி அடுத்த மொழிக்கு இறங்கும். இரண்டாவதாக மலாய் இருந்தால் மலாயில், ஆங்கிலம் இருந்தால் ஆங்கிலத்தில் திறக்கும். வங்கிச் செயலி திடீரென மலாய்க்கு மாறிவிட்டது என்பவர்கள் முதலில் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

முழுக் கைப்பேசியையும் தமிழுக்கு மாற்றப் பிடிக்காதவர்களுக்கு ஆண்ட்ராய்டு 13 முதல் செயலிவாரி மொழி உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், லாங்குவேஜஸ், ஆப் லாங்குவேஜஸ். சாம்சங்கில் ஜெனரல் மேனேஜ்மென்ட் என்பதற்குள் இருக்கும். ஒரு செயலி அந்தப் பட்டியலில் இல்லையென்றால், தான் எந்தெந்த மொழிகளைத் தாங்குகிறது என்று அதை எழுதியவர் குறிப்பிடவில்லை. நம் பக்கம் செய்ய ஒன்றுமில்லை.

ஐஃபோனில் தமிழ் இடைமுகம் 2025 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 18.4-இல்தான் கிடைத்தது. தமிழ் விசைப்பலகைக்கு அங்கே வயது அதிகம், தமிழ்99-உம் ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தட்டும் அஞ்சலும் ஐஓஎஸ் 7 காலத்திலிருந்தே உள்ளன. அஞ்சல் நம் நாட்டுச் சரக்கு, முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, கீபோர்ட்ஸ், ஆட் நியூ கீபோர்டு, தமிழ் என்று போனால் இரண்டும் தெரியும். ஆண்ட்ராய்டில் இவை வேண்டுமென்றால் செல்லினம் செயலி.

ஒலிபெயர்ப்பில் தட்டுபவர்கள் ஒரு வாரம் தமிழ்99-ஐப் பழகிப் பார்க்கலாம். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகள்தாம் மையம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும்: அ, ம, ம, ஆ என்றால் 'அம்மா'. ங-வுக்குப் பின் க வந்தால் 'ங்க'. 'பாட்டு' என்பதற்கு ப, ஆ, ட, ட, உ. ந, ன, ண எது என்று ஆங்கில எழுத்தை வைத்து யோசிக்க வேண்டியதில்லை.

கண்ணாடி பூசிய ஐஃபோன்

ஐஓஎஸ் 18-க்கு அடுத்து நேராக 26. ஆண்டைப் பதிப்பெண்ணாக்கினார்கள். 2025 செப்டம்பர் 15-இல் வந்தது, ஐஃபோன் 11-உம் அதற்கு மேலும் ஏற்கும், எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டும் கழன்றுவிட்டன. லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடித் தோற்றம் கடையில் பார்க்க அழகு. வெயிலில் பாயா தெருபோங் பேருந்து நிறுத்தத்தில் நின்று அறிவிப்பைப் படிக்க முயன்றால் தெரியும், பின்னணிப் படம் எழுத்தைத் தின்கிறது. 26.1-க்குப் புதுப்பித்து, டிஸ்பிளே அண்ட் பிரைட்னஸ் என்பதற்குள் லிக்விட் கிளாஸ், அதில் டின்டட். அதுவும் போதாதென்றால் ஆக்சஸிபிலிட்டி, டிஸ்பிளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், ரெடியூஸ் டிரான்ஸ்பரன்சி. இரண்டாவது கண்ணாடியை ஏறக்குறைய அடைத்தே விடும், அழகு போகும், படிக்க முடியும்.

ஏபி செட் வாங்கியவர்களுக்கு

லோ யாட்டிலும் பிராங்கின் மாலிலும் விலை சில நூறு ரிங்கிட் குறைவாகக் கிடைக்கும் ஏபி செட்டில், அதாவது அதிகாரபூர்வ முகவர் வழி வராமல் தனியே இறக்குமதியான கைப்பேசியில், முதலில் பார்க்க வேண்டியது இயங்குதளத்தின் பிறப்பிடம். சியோமி என்றால் அபவுட் ஃபோன் பக்கத்தில் பதிப்பெண்ணின் முடிவில் ஏழு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து ஆண்ட்ராய்டுப் பதிப்பு: யூ என்றால் 14, வி என்றால் 15. கடைசி இரண்டு எக்ஸ்எம். அதற்கு முந்திய இரண்டுதான் நமக்கு வேண்டியவை. சிஎன் என்றால் சீனா, எம்ஐ என்றால் உலகப் பதிப்பு, ஐடி என்றால் இந்தோனேசியா. பெட்டியில் சீன எழுத்து, உள்ளே எம்ஐ என்று இருந்தால் விற்றவர் பூட்லோடரை, அதாவது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் மென்பொருளின் பூட்டைத் திறந்து மாற்றி ஏற்றியிருக்கிறார். அப்படிப்பட்ட கைப்பேசியில் பூட்லோடரை மீண்டும் பூட்டினால், இந்தப் பதிப்பை இந்தக் கருவியில் நிறுவ முடியாது என்ற செய்தியோடு திரை நின்றுவிடும். பூட்டச் சொல்லி யூடியூப் சொன்னாலும் பூட்டாதீர்கள்.

அடுத்தது அழைப்பு. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு முடிந்தது. 4ஜி வழியே பேசவைக்கும் வோல்ட்டி இயங்காத கைப்பேசியில் அழைப்பு வந்தால் 2ஜிக்கு இறங்கும், பேசி முடிக்கும்வரை இணையம் படுத்துவிடும். சியோமியில் வோல்ட்டி பொத்தானே தெரியாவிட்டால் எண் தட்டும் திரையில் *#*#86583#*#* என்று தட்டுங்கள். தொலைத்தொடர்பு நிறுவனச் சோதனையை அது விலக்கும், பொத்தான் சிம் அமைப்பில் தோன்றும்.

வங்கி அனுமதி அறிவிப்பு பத்து நிமிடம் கழித்து வருவதற்குப் பெரும்பாலும் மின்கலச் சேமிப்பு காரணம். செயலியின் தகவல் பக்கத்தில் ஆட்டோஸ்டார்ட் இயக்கி, பேட்டரி சேவரை நோ ரெஸ்டிரிக்ஷன்ஸ் ஆக்குங்கள். வங்கிச் செயலிக்கும் வாட்ஸ்அப்புக்கும் மட்டும் போதும். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் மாலைக்குள் சார்ஜ் காலி.

பூட்லோடரைத் தொடுவது பற்றி

அன்றாடம் பயன்படுத்தும் கைப்பேசியில் வேண்டாம் என்பதுதான் என் பதில். ரூட் செய்து கைப்பேசியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்பவர் இழப்பது உத்தரவாதம் மட்டுமல்ல. இங்கே கைப்பேசியே வங்கிச் சாவி. 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளைக் குறுஞ்செய்தி ஓடிபியிலிருந்து விலகச் சொன்னது, ஒருவருக்கு ஒரே கருவி என்றது, புதுக் கருவியில் பதிந்தால் காத்திருப்பு நேரம் வைக்கச் சொன்னது. பல வங்கிகளில் அது 12 மணி நேரம். பூட்லோடரைத் திறந்தால் தரவு எல்லாம் அழியும், கருவி புதிதாகப் பதியப்படும், அந்தக் கடிகாரம் மறுபடி ஓடும். அதோடு, கருவியில் கை வைக்கப்பட்டிருக்கிறதா என்று செயலிகளுக்குச் சொல்லும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை 2025 மே முதல் ஆண்ட்ராய்டு 13-லும் அதற்கு மேலும் வன்பொருள் சான்றைக் கேட்கிறது. பழைய மறைப்பு உத்திகள் இன்று வேலை செய்து நாளை நின்றுவிடும். சாம்சங்கில் நாக்ஸ் ஃபியூஸ் என்ற பாதுகாப்பு முத்திரை ஒரு முறை எரிந்தால் பழைய மென்பொருளை ஏற்றினாலும் மீளாது, தனிக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் போனது போனதுதான்.

பழைய கைப்பேசி ஒன்று அலமாரியில் கிடக்கிறதா, அதில் விளையாடுங்கள். ஆண்ட்ராய்டு 16-ஐ அடித்தளமாகக் கொண்ட மாற்று இயங்குதளமான லினியேஜ்ஓஎஸ் 23, 2025 அக்டோபரில் வந்தது. சியோமி என்றால் முதல் தடை பூட்லோடரைத் திறக்கும் அனுமதிதான். சியோமியின் இயங்குதளமான ஹைப்பர்ஓஎஸ் உலகப் பதிப்பில் 30 நாள் பழைய கணக்கு வேண்டும், சியோமி கம்யூனிட்டி செயலியில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாளைக்கான அனுமதி ஒதுக்கீடு பெய்ஜிங் நேரம் நள்ளிரவு 12-க்குத் திறந்து சீக்கிரமே தீரும். பெய்ஜிங்குக்கும் கோலாலம்பூருக்கும் ஒரே நேரம், ஐரோப்பாக்காரர்கள் போல் கணக்குப் போட வேண்டியதில்லை. அனுமதி கிடைத்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் கணக்கைக் கருவியோடு இணைக்கும்போது வைஃபையை அணைத்து சிம் தரவைப் பயன்படுத்துங்கள், வைஃபையில் பிழை காட்டும். அதற்குப் பின் 72 மணி நேரம் காத்திருந்துதான் கணினியில் திறக்க முடியும். இடையில் கணக்கிலிருந்து வெளியேறினால் எண்ணிக்கை மறுபடி தொடக்கத்திலிருந்து.